ஆப்பிள் பறித்த கை

புது விஆர் ஹெட்செட் இன்று காலை பழுதாகிவிட்டது. அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழையதை எடுத்தேன். ஸ்பிரிட் போட்டு எத்தனையோ முறை துடைத்த பட்டைதான். ஆனாலும் முகத்தருகே கொண்டுபோனதும் தேங்காயெண்ணெய் வாசனை. யார் யாரோ தலையில் மாட்டிய பட்டை. எனக்கென்னவோ உங்கள் வாசனையாகத்தான் இருந்தது.

தாராவியில் பிளாஸ்டிக் அரைக்கும் மெஷினில் சிக்கிய வலது கையோடு எங்கள் செம்பூர் ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள். ஆபரேஷனில் ஐந்து விரல்களையும் காப்பாற்றியிருந்தார்கள். மடங்கத்தான் இல்லை. நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட் என்று முதல் நாளே சொன்னேன். கடைசிவரை டாக்டரம்மா என்றே கூப்பிட்டீர்கள்.

ஹெட்செட்டை மாட்டினால் கண்முன் ஒரு தோட்டம். கையை நீட்டி, விரல்களை மடக்கி, ஆப்பிளைப் பறித்துக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆப்பிள் மரத்தையே இப்போதுதான் பார்க்கிறேன் என்றீர்கள். மூன்று வாரம் ஒரு பழம்கூடக் கைக்கு வரவில்லை. நான்காவது வாரம் ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வரப்போவதில்லை என்றீர்கள். மான்குர்திலிருந்து ரயிலேறி வருவதே வீண் என்று பட்டிருக்கிறது.

பலவீனமான கைக்கு விளையாட்டு எவ்வளவு உதவ வேண்டும் என்று ஓர் அளவு உண்டு. அன்று சாயங்காலம், இரண்டில் இருந்ததை ஏழுக்கு ஏற்றினேன். விரல் கொஞ்சம் அசைந்தாலே போதும், உள்ளே தெரிகிற கை முழுதாக மூடிக்கொள்ளும். உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் விளையாட மாட்டீர்கள் என்று நினைத்தேன். இன்னும் ஒரே ஒரு நாள் வந்து பாருங்கள் என்று போனில் கெஞ்சினேன்.

மறுநாள் பதினோரு பழம் பறித்தீர்கள். நீங்கள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை. விரல்களும் கொஞ்சம் மடங்கத் தொடங்கின, அது பொய்யில்லை. அளவை இறக்க வேண்டிய நாளைத்தான் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

"உள்ள எல்லாத்தையும் பிடிக்கேன். வீட்டுல டம்ளர் நழுவுதே, ஏன் டாக்டரம்மா?" என்று ஒரு நாள் கேட்டீர்கள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "பயந்துண்டு பிடிக்கறேள், அதான். இனிமே எல்லாத்துக்கும் வலது கையையே உபயோகப்படுத்துங்கோ" என்றேன்.

அடுத்த வாரம் உங்கள் கணவர் வந்தார். வீட்டுப் பயிற்சிக்குக் கொடுத்திருந்த ரப்பர் பந்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். இங்கே வருகிற ரயிலில் பெண்கள் பெட்டியில் நெரிசல், வாசலோரம் நின்றிருக்கிறீர்கள். கோவண்டி ஸ்டேஷன் தாண்டியதும் வண்டி குலுங்கியிருக்கிறது. பிடி நழுவி வெளியே விழுந்தவர் பிழைக்கவில்லை. "வலது கையாலதான் கம்பியப் பிடிச்சிருந்தாளாம். நீங்க சொன்னீயன்னு வீட்டுலயும் எல்லாம் அந்தக் கையாலதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. என் பேச்சை நீங்கள் தட்டவில்லை என்பதை எனக்குத் தெரிவித்தார், அவ்வளவுதான். கும்பிட்டுவிட்டுப் போனார். அவர் கொடுத்த பந்தை அலமாரியில் வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் வீட்டைத் தேடிப் போய் உங்கள் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இது அவளுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீய?" என்றவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

இப்போது யாருக்கு மாட்டினாலும், இதில் எவ்வளவு மெஷின் செய்வது, எவ்வளவு அவர்கள் கை செய்வது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலருக்கு முகம் வாடிவிடும். போன மாதம் ஒருவர் அதைக் கேட்டதும் எழுந்து போனார். பிறகு வரவே இல்லை. அவர் விரல்கள் இந்நேரம் இறுகிப்போயிருக்கும். அவர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது உங்களைத்தான் நினைத்தேன். அன்று உங்களையும் அப்படிப் போக விட்டிருந்தால், மடங்காத வலது கையை மடக்கிய முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்தபடி, இன்றும் ஏதோ ஒரு ரயிலில் போய்க்கொண்டிருப்பீர்கள்.