நான் கழற்றிக்கொண்டு போகும் ஊதா விளக்கு

சோலையம்மா,

நீயும் மருமகளும் கோயிலில் பொங்கல் வைத்து வருவதற்குள் ராமநாதபுரம் பஸ் போய்விடும். அதனால்தான் இந்தச் சீட்டு.

சப்பர வண்டியில் நம் மகன் முனியசாமி மாட்டிய ஊதா விளக்கை எவனும் திருடவில்லை. என் பையில் இருக்கிறது. ரிட்டையரான பிறகு நான் அடித்த முதல் கொள்ளை!

நேற்று ஒத்திகையில் என் வேட்டி மின்னிய மின்னலில், விடிந்துவிட்டதென்று இலங்கையில் கோழி கூவியிருக்கும். ஆனால் இன்று நீங்கள் கிளம்பியதும், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் முனியன் துடித்துப்போனான். டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டி, விளக்கைப் பற்றிச் சொன்னேன்.

"டியூப்பு கறுப்பா, வெறுங்கண்ணாடியா?" என்றார்.

"வெறுங்கண்ணாடிதான்."

"அய்யா, அது குடிதண்ணி பிளாண்ட்டுல கிருமியைக் கொல்லுறது! வண்டிக்குக் கறுப்புதான் மாட்டணும். அதையும் ஆள் மூஞ்சிக்கு நேரா வைக்கக் கூடாது."

மூடிக்கிடக்கும் பிளாண்ட்டில் சும்மா கிடைத்ததென்று மாட்டியிருக்கிறான்.

"பேத்தி கடல்கன்னியா உக்காரயில ஜொலிக்க வேணாமா? ஒங்களுக்குப் பொறாமை" என்றாயே. ராமநாதபுரத்தில் கறுப்பு டியூப் கிடைத்தால் ஜொலிக்கட்டும். இல்லையென்றால் சீரியல் பல்பு போதும். சாயங்காலம் சப்பரம் கிளம்புமுன் வந்துவிடுவேன்.

ரசம் வைத்திருக்கிறேன். குடித்து இதுவரை யாரும் சாகவில்லை. முனியனைக் கண்ணைக் கசக்க விடாதே, ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இரு.

பி.கு.: நேற்று பேத்தி பூமயிலும் அந்த விளக்கடியில் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தாள். இன்னும் தூங்குகிறாள். எழுப்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எழுந்ததும் வெளிச்சம் கூசுகிறதென்று சொன்னால் எனக்காகக் காத்திருக்காதே. ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு.