கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில்

நாள் 611. காலை. பட்டறை, செவ்வாய் வடமேட்டு நிலையம்

எழுதுபவர் ஞானசிகாமணி. பின்னாளில் இந்த வண்டியை யார் திறந்தாலும் முதலில் இதைப் படிக்கவும்.

வண்டியைக் கட்டியது நான். பழைய சரக்கு வண்டியின் சட்டத்தை உயர்த்தி, பெரிய சக்கரம் மாட்டி, பாறைச் சரிவில் இறங்க வைத்தேன். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான், ஒரு குழாய் உடைந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும் என்று பாதுகாப்பு அதிகாரி லிங்கதுரை வண்டியின் முகப்பில் 'ஓட்டக்கூடாது' என்று சீல் ஒட்டினார். வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்.

இன்று இரட்டை அறை சிலிண்டர் பொருத்தினேன். முன் சக்கரங்களுக்கு ஓர் அறை, பின் சக்கரங்களுக்கு ஓர் அறை. குழாய்களில் புகுந்த காற்றை வெளியே எடுத்தாயிற்று. பெடலைத் தொட்டதும் பிடிக்கிறது. பெடலிலிருந்து வரும் கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லி லிங்கதுரை அனுப்பியிருந்தார். விடவில்லை. தொளதொளத்த பெடலில் நான் கால் வைப்பதில்லை.

நாள் 613. மதியம். பட்டறை வாசல்

லிங்கதுரை புது வண்டியில் கீழ்ப்பள்ளத்துக்குப் போய் அச்சை உடைத்துக்கொண்டார். அவரிடம் இருக்கும் காற்று இருட்டும்வரைதான் வரும். நிலையத்தின் இன்னொரு வண்டி சக்கரம் இல்லாமல் கிடக்கிறது. மிச்சம் என்னுடையது. ரேடியோவில் இருக்கும் ரஹ்மத் கெஞ்சினாள்.

"மாமா, பழச மனசுல வைக்காதிய. அவருக்கும் புள்ள இருக்கு."

வைத்துக்கொண்டுதான் போகிறேன். எல்லாரும் பார்க்க அவரை இந்த வண்டியில் ஏற்றி வந்து, அவர் கையாலேயே சீலைப் பிய்க்க வைப்பேன்.

நாள் 613. பிற்பகல். முதல் சரிவு

பெடலிலிருந்து காலை எடுத்தும் பிரேக் விடவில்லை. சக்கரங்கள் தேய்ந்து சூடேறின. இங்குள்ள மெல்லிய காற்றில் சூடு சீக்கிரம் தணியாது. சூடு ஏற ஏறப் பிடி இறுகியது. வண்டி நின்றுவிட்டது. ரஹ்மத் அதை லிங்கதுரையிடம் சொல்லியிருக்கிறாள். அவரே ரேடியோவில் வந்தார்.

"அண்ணாச்சி, கம்பியில கேப் விட்டியளா? விடலன்னா பிஸ்டன் முழுசாப் பின்னால வராது. ஆயில் டப்பாவுக்குத் திரும்புத தொள மூடியே கெடக்கும், பிடி விடாது. அந்த நட்ட ரெண்டு சுத்து சுத்துங்க, போதும்."

"ஓய், இருக்க மூச்சப் பாடம் நடத்தித் தீத்துராதேயும். வண்டி என்னுது."

சூட்டில் ஆயில் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இறங்கி ஒவ்வொரு சக்கரத்திலும் ஆயிலை வெளியே விடும் நிப்பிளைத் திறந்தேன். ஆயில் பீய்ச்சிக்கொண்டு வெளியே வந்தது. பிடி விட்டது. வண்டி ஓடுகிறது. நட்டை நான் தொடவில்லை.

நாள் 613. மாலை. இரண்டாம் சரிவு

மறுபடி பிடித்தது. மறுபடி திறந்தேன். இந்த முறை நுரையாக வந்தது. லிங்கதுரை ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்குகிறார்.

"தொறந்து தொறந்து ஆயில வெளிய விடுதிய. தொள மூடியிருந்தா டப்பாவுலருந்து புதுசா ஒரு சொட்டு உள்ள வராது. சண்டைய மேல போயி வச்சுக்கிடுவோம், அண்ணாச்சி. நட்டத் திருப்புங்க."

டப்பாவைப் பார்த்தேன். நிறைய இருக்கிறது. அவருக்கு என்ன தெரியும்.

ஸ்பேனர் மடியில் இருக்கிறது. திருப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. திருப்ப மாட்டேன். அவர் சொல்லி ஒரு நட்டைத் திருப்பிவிட்டால் அப்புறம் இந்த வண்டி அவர் கட்டியதாகிவிடும்.

நாள் 613. கடைசிச் சரிவு. குரல் பதிவு

எழுத முடியாது. ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு பக்கமும் பாறை. ஒரே தடம். அவர் வண்டி நேர் கீழே.

பெடல் தரை வரை போகிறது. மறுபடி மிதித்தேன். தரை. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. டப்பா நிறைய ஆயில் இருக்கிறது. பெடலில் ஒன்றுமில்லை. கை பிரேக் தெறித்துவிட்டது. மோட்டாரைப் பின்னுக்குத் திருப்பினேன். சக்கரம் மண்ணைச் சீவுகிறது. வண்டி நிற்கவில்லை.

"வெளிச்சம் தெரியுது, அண்ணாச்சி. கண்ணு கூசுது. வெளிய எறங்கித் தடத்துலயே நிக்கேன். நேரா வாங்க."

ரேடியோ பொத்தானில் கை இருக்கிறது. பிரேக் இல்லை என்று சொன்னால் பாறைமேல் ஏறி ஒதுங்கிக்கொள்வார். அதை மட்டும் சொன்னால் போதும். பிரேக் இல்லை என்று நான் அவரிடம்

"அண்ணாச்சி? பேசுங்க."

கம்பியின் அளவு சரி. பதிவு செய்துகொள்ளவும். கம்பியின் அளவு ச