ஐஸ் பெட்டிக்கு வேர்த்த மூலை

வில்லியனூர்
வெகுதானிய வருஷம் ஐப்பசி, பிரதோஷ நாள்

சைகோனில் இருக்கும் சிரஞ்சீவி தணிகைவேலுக்கு அம்மா சொல்லச் சொல்லத் தங்கை ருக்குமணி எழுதுவது. இன்று காலையில் நம் ஐஸ் பெட்டிக் கதவின் இடது மேல் மூலையில் மட்டும் முத்து முத்தாக வேர்த்திருந்தது. அதைத்தான் முதலில் எழுத நினைத்தேன், அம்மா விடவில்லை, மொதல்ல க்ஷேமத்த எழுதுடி என்கிறாள். எழுதுகிறேன். இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் ஏதோ இருக்கிறோம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி கப்பலில் வந்தால் அம்மாவுக்கு அது போதுமாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, நனைந்த சட்டையோடு ஆபீசில் உட்காராதே. நீ அனுப்பிய போட்டோவில் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது, அந்த ஊர்ச் சோறு இன்னா சோறோ என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறாள். எதிர் வீட்டு ஜெயாவுக்குக் கல்யாணமாகி நெட்டப்பாக்கம் போய்விட்டாள், அவள் அம்மா கோகிலாம்பாளும் கூடவே போயிருப்பதால் அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. அப்பா இப்போது கடைக்குப் போவதில்லை. அவருடைய சர்க்கரை வியாதிக்குப் போடும் ஊசி மருந்து போன வாரம் பெட்டிக்குள் பனியோடு ஒட்டிக் கல்லாக உறைந்துவிட்டது, இனிமேல் இது உதவாது என்று கம்பவுண்டர் கொட்டிவிட்டார். மிச்சம் இருப்பது ஒரே புட்டி. அடுத்தது கப்பலில் வந்தால்தான் உண்டு என்று புதுச்சேரி டாக்டர் சொல்லிவிட்டார். வெளியே வைத்தால் இந்தப் புழுக்கத்தில் கெடும், உள்ளே வைத்தால் உறையும், அதனால் ஈர மணலில் புதைத்து வைத்திருக்கிறோம்.

இதுவரை அம்மா சொன்னது. மீதியை நீயே எழுதி ஆசீர்வாதத்தையும் போட்டுடு என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டாள். அப்பா தூங்குகிறார். இனி நான் எழுதுகிறேன் அண்ணா. நீ லீவில் வந்தபோது, கப்பலேறின துரை வீட்டிலிருந்து வாங்கி மாட்டு வண்டியில் கொண்டுவந்தாயே, கீழே விளக்கு எரிந்தால் மேலே குளிருகிற அந்தப் பெட்டி, இரண்டு வருஷம் ஒரு குறையும் வைக்கவில்லை. இந்த மாதம்தான் உள்ளே மேலிருக்கும் தகரக் கூட்டைச் சுற்றிப் பனி வளர்ந்து தாடி மாதிரி தொங்கத் தொடங்கியது. அவ்வளவு பனி இருந்தும் கீழ்த்தட்டில் வைத்த பால் திரிந்துபோகிறது. காஸ் விளக்கு பழுது பார்க்கும் பக்கிரிசாமி வந்தார். திரி அதிகமாக எரிகிறது என்று குறைத்து வைத்தார், பனி குறையவில்லை. மறுபடி வந்து, இன்னாம்மா, சுடுசோத்த உள்ள வச்சி மூடுறீங்களா, பொட்டி அழுவுது பாருங்க என்று சிரித்தார். அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது, எங்களுக்கு அது கூடவா தெரியாது, ஆறின பாலத்தான் வைக்கிறோம் என்று சண்டைக்குப் போய்விட்டாள். ஆயுதபூஜைக்கு அப்புறம்தான் இப்படி ஆனது என்று சொல்ல நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். நீ இருந்திருந்தால் என் பக்கம் திரும்பி, இன்னாடி முழிக்கிற, சொல்லித் தொலை என்றிருப்பாய். பள்ளிக்கூடத்திலிருந்து என்னை நிறுத்தின பிறகு என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

வேர்வையைப் பார்த்ததும், குளிர்ந்த தண்ணீர் ஊற்றின செம்புக்கு வெளியே வேர்ப்பது ஞாபகம் வந்தது. அந்த மூலை வழியாகக் குளிர் வெளியே வருகிறது என்றால் வெளிக்காற்றும் அதே வழியாக உள்ளே போகுமே, அதிலிருக்கும் ஈரம்தானே பனியாகும் என்று தோன்றியது. அம்மா போனதும் நாள்காட்டித் தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். மற்ற மூலைகளில் இறுகப் பிடித்தது, அங்கே மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. முக்காலி போட்டு ஏறிப் பார்த்தால், ஆயுதபூஜைக்குக் கட்டின மாவிலைத் தோரணத்தின் கயிறு. இலையெல்லாம் உதிர்ந்து கயிறு மட்டும் இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. இரும்பில் ஆணி அடிக்க முடியாதென்று அம்மாதான் முடிச்சைக் கீல் பக்கம் கதவுக்குள் செருகி அழுத்தி மூடினாள், திறந்து மூடினாலும் விழாதபடி. எம்புள்ள வாங்கின பொட்டி, அவன் திரும்பி வர்ற வரைக்கும் இதுல யாரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிக் கட்டினாள். அதனால்தான் ரொம்ப நேரம் முக்காலி மேலேயே நின்றிருந்தேன். கீழே இறங்கி மணலில் இருந்த புட்டியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுவென்றிருந்தது.

விளக்கை அணைத்து, உள்ளே வெந்நீர்ப் பாத்திரம் வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். பனி பெயர்ந்து தொப்பென்று விழுகிறது. சத்தம் கேட்டு அப்பா, யாரது, தணிகை வந்துட்டானா என்றார். இல்லப்பா, நான்தான் என்றேன். ஓ என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா உன்னை நோய் நொடி அண்டாமல் நூறு வயது இருக்கச் சொல்லி ஆசீர்வாதம் எழுதச் சொன்னாள். அப்பா பேருக்குத் தனியாக ஒரு கடுதாசி போடு, மறந்துவிடாதே. நான் படித்துக் காட்டுகிறேன்.

கயிற்றை முடிச்சு அவிழாமல் எடுத்து உன் போட்டோ மாட்டியிருக்கும் ஆணியில் தொங்கவிட்டேன். பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து மூடினேன், தாளை அந்த மூலையிலும் இழுத்துப் பார்த்தேன், கிழிந்ததே தவிர வரவில்லை. அதற்குள் இருட்டிவிட்டது. சாமி விளக்கை ஏற்றிவிட்டு, தீக்குச்சி அணைவதற்குள் குனிந்து பெட்டி விளக்கையும் ஏற்றினேன்.

இப்படிக்கு,
அம்மாவுக்காக, உன் தங்கை
ருக்குமணி