பத்து நிமிஷ நடையில் ஒரு மைதானம்

மார்ச் 3, செவ்வாய்
வாலு இனி உள்ளூர் கால்பந்து அணிக்கு ஆடப்போகிறாள். ஒரு வருஷம் வெளியூர் அணி, ஹாஸ்டல் சாப்பாடு. இப்போது மகள் வீட்டிலேயே இருப்பாள், சந்தோஷம்தான். சனிக்கிழமை முதல் ஆட்டம். எனக்கு ஒரு பாஸ் வாங்கி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். முன்வரிசை. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் கதவைத் திறக்கிறேன்.

மார்ச் 4
சனிக்கிழமை சாயங்காலம் டூட்டி இருக்கிறது என்று அவளிடம் சொல்லிவிட்டேன். பொய். சனிக்கிழமை மத்தியானத்தோடு லேப் பூட்டிவிடுவோம்.

தினம் நாற்பது பேர் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் நான். ஆனால் ரெண்டு வருஷம் முன்னால் மைதானத்தில் அவள் முட்டி திரும்பியதைக் கண்ணால் பார்த்தேனே — அதிலிருந்து எல்லா ஆட்டமும் போனில்தான். பயம் வந்தால் போனைக் குப்புறக் கவிழ்த்துவிடலாம். மைதானத்தை எப்படிக் கவிழ்ப்பது?

மார்ச் 5
ஆப்பைத் திறந்தால் சனிக்கிழமை ஆட்டத்தின் மேல் பூட்டுப் படம். 'உங்கள் பகுதியில் காண இயலாது.' என்னது இது! வருஷம் பூரா பார்த்த ஆப். உதவி எண்ணுக்குப் போட்டேன். உள்ளூரில் நடக்கிற ஆட்டத்தை உள்ளூரில் காட்டமாட்டார்களாம். மைதானத்துக்கு ஆள் வரணுமாம்.

"மைதானம் உங்க வீட்டுலேர்ந்து ரொம்ப தூரமா மேடம்?"

"நடந்தா பத்து நிமிஷம்."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கியது கேட்டது.

மார்ச் 6
அக்கா ஊரில் டிவியில் ஆட்டம் தெரியுமாம். ரெண்டு மணி நேர பஸ். "பத்து நிமிஷத்துல இருக்கறதைப் பாக்க இவ்ளோ தூரம் வரியா? பைத்தியமாடி உனக்கு?" என்றாள். ஆமாம்.

மார்ச் 7, சனி
திரும்பி வர பஸ்ல எழுதறேன்.

எழுபதாவது நிமிஷம். வாலு பந்தோட ஓடுறா, ஒருத்தி குறுக்க வந்தா, விழுந்துட்டா. வலது கால். அதே கால். உடனே அக்கா வீட்டு டிவி நின்னு போச்சு — நடுவுல ஒரு வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எழுந்தாளா? ஐயோ, எழுந்தாளா? படம் திரும்ப வந்தப்போ அவ இடத்துல வேற ஒருத்தி ஆடுறா.

போன் போட்டேன், போட்டேன், போட்டுக்கிட்டே இருந்தேன். எடுக்கல. இப்போ சார்ஜும் போச்சு.

வீட்ல இருந்திருந்தா ஓடியிருப்பேன். பத்தே நிமிஷம்.

மார்ச் 8
கணுக்கால் சுளுக்குதான். முட்டிக்கு ஒன்றுமில்லை. கடவுளே.

நேற்று நான் வந்தபோது காலை ஸ்டூலில் நீட்டி, ஐஸ் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"லேப்புக்குப் போனேன். யாராவது சொல்லி நீ பயந்துடுவியே, நேர்ல காட்டிட்டு வரலாம்னு நொண்டிக்கிட்டே போனேன். பூட்டியிருந்துச்சு."

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா வீடு, பஸ், சுற்றின வட்டம். கத்துவாள் என்று நினைத்தேன்.

"எனக்கு மட்டும் பயமில்லையாம்மா?" என்றாள். "அன்னிக்கு முட்டி போனப்போ நீ என் பேரைச் சொல்லிக் கத்தினது கேட்டுச்சு. அம்மா இங்கதான் இருக்கான்னு ஸ்ட்ரெச்சர்ல பேசாம படுத்திருந்தேன். இன்னிக்கும் விழுந்ததும், நீ டூட்டின்னு தெரிஞ்சும், உன் சீட்டைத்தான் பாத்தேன்."

பாவி நான்.

மார்ச் 14
சுளுக்கு ஆறவில்லை, அவள் ஆடவில்லை. எனக்கு நிம்மதி. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது.

மார்ச் 20
ஃப்ரிட்ஜ் கதவில் புது பாஸ். இந்தத் தடவை டூட்டி என்று சொல்லப்போவதில்லை.

மார்ச் 21, சனி
ரெண்டு தடவை விழுந்தாள். ரெண்டு தடவையும் எழுந்து என் சீட்டைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வருவதற்குள் அக்கா போன். "டிவியில உன்னைக் காமிச்சாங்கடி! ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிட்டு நிக்கிற. இதுக்கா போன?"

அவள் பேரைச் சொல்லிக் கத்திக் கத்தி என் குரலே போயிருந்தது. விரலிடுக்கு வழியா எல்லாத்தையும் பாத்தேன்னு எப்படியோ சொல்லி முடித்தேன்.