ஒட்டிக்கொண்ட எலும்பு

முருகன் துணை

சேம்புமலைத் தோட்டம்,
கொத்மலை.
17-6-62

என் அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். போன இரண்டு கடிதத்திலும் இதையேதான் எழுதியிருந்தேன், அது பொய், இந்தத் தடவை எழுதுவது நிஜம். துறையூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவும் உன் வயிற்றில் இருக்கிற பிள்ளை நல்லபடியாக வந்து சேரவும் தினமும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் காலை வெட்டப்போகிறார்களாமே, நான் கப்பலேறி வரட்டுமா, இல்லை உங்களை இங்கே கூட்டிவந்து எங்கள் ஊர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போடட்டுமா என்று நீ அழுது எழுதிய கடிதம் கிடைத்தது. இங்கே லயத்து வீட்டில் ஒருத்தர் தும்மினால் துறையூரில் கேட்டுவிடும் போலிருக்கிறது. அது தை மாதத்துக் கதை அம்மா. கால் என்னிடம்தான் இருக்கிறது. அதில் நிற்க முடியுமா முடியாதா என்பதுதான் இத்தனை நாளும் தெரியாமல் இருந்தது, போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது. முதலிலிருந்து சொல்கிறேன், பதறாமல் வாசி.

போன வருடம் ஆனி மழையில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து மலையில் தண்ணீர்க் கான் தாண்டும்போது வழுக்கி, வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது வரைக்கும் உனக்குத் தெரியும். நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று மாதம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினார்கள். அந்தப் புத்திமதி லயத்து வாசல் வரைதான் என்னோடு வந்தது. கீழ் லயத்தில் ஒருத்தன் அரை வருடம் படுத்துக் கிடந்ததில் அவன் குடியிருந்த காம்பராவை வேறு ஆளுக்குக் கொடுத்தது என் மனதிலேயே நின்றது. தலை தெரியாவிட்டால் தோட்டத்துத் துரை மறந்துபோவார், பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பயந்துகொண்டு, கட்டின்மேல் சாக்கைச் சுற்றி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தடியை ஊன்றி, விடியற்காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு அறுபது படி இறங்கிப் போய் எல்லோரோடும் வரிசையில் நின்றேன். கத்தியைத் தொடவில்லை, சும்மா நின்றேன், அவ்வளவுதான். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா என்னைப் பார்த்து, உன் பெயர் நோயாளி லிஸ்டில் இருக்கிறது, போய்ப் படு என்று விரட்டினார். அவர் விரட்ட விரட்ட எனக்குச் சந்தேகம் கூடியது. ஐம்பது நாளுக்கு மேல் இப்படி நின்றிருக்கிறேன். அம்மா திட்டாத திட்டு இல்லை.

கட்டைப் பிரித்துப் பார்த்தால் முழங்காலுக்குக் கீழே இன்னொரு முழங்கால் முளைத்தது போல ஆடியது. மறுபடி கட்டினார்கள், அப்போதும் ஒட்டவில்லை. அதற்குப் பிறகு, எண்ணெய்க் கட்டுக்குப் பேர்போனவர் என்று கீழே சிங்களக் கிராமத்தில் இருக்கிற வைத்தியர் வெதமாத்தயாவிடம் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். நீ சொல்கிற துறையூர்க்காரர் எப்படியோ எனக்குத் தெரியாது, இந்த மனிதர் தங்கமான மனிதர். வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இது எண்ணெய்க்கும் மூங்கில் பத்தைக்கும் அடங்காது, ஒரு நாளும் தாமதிக்காமல் கண்டிக்குப் போங்கள் என்று சொல்லி, வைத்த வெற்றிலையைக்கூட எடுக்காமல் திருப்பிக் கொடுத்தார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எத்தனை பேருக்கு மனது வரும். அவரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

கண்டி பெரியாஸ்பத்திரியில் பெரிய டாக்டர் சிங்களவர், ஆனால் அட்டன் பக்கத்தில் இருந்த பழக்கத்தில் நம்ம பேச்சு நன்றாகப் பேசுவார். மூன்று வழி இருக்கிறது என்றார். மறுபடி கட்டுப் போட்டு ஆறு மாதம் அசையாமல் கிடக்கலாம், ஆனால் இரண்டு தடவை ஒட்டாதது இனி ஒட்டும் என்று நம்ப முடியாது. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து முறிந்த இடத்தில் வைத்து, இரும்புத் தகடு போட்டுத் திருகாணியால் முடுக்கலாம், அதற்கும் பல மாதம் படுக்கவேண்டும். மூன்றாவது, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டுக் கட்டைக் கால் பொருத்துவது. காலை ஊன்றினாயா என்று இரண்டு தடவை கேட்டார். வெட்கத்தில் இல்லை என்றேன். அசையாமல் வைத்தும் ஒட்டவில்லை என்றால் அந்த எலும்பில் உயிர் குறைவு, இடுப்பெலும்பை வைத்தாலும் பிடிப்பது சந்தேகம் என்றார். எனக்கோ கட்டைக் காலோடாவது சீக்கிரம் தோட்டத்துக்குப் போய்ச் சேரவேண்டும், காம்பரா போய்விடக்கூடாது. வெட்டுங்கள் என்று காகிதத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். புத்தி கெட்டவன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்க்க வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நேராக டாக்டரிடம் போய் நின்றாள். “இந்த மனுசன் பொய் சொல்றாருங்க. அம்பது நாளா பெரட்டுல நின்னாருங்க. காலை எடுத்துறாதீங்க” என்றாள். டாக்டருக்கு வந்த கோபத்தில் கட்டிலோடு என்னைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அப்புறம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து மறுபடி பார்த்து, எலும்பு சாகவில்லை, நீ நின்று நின்று ஆட்டியதால்தான் ஒட்டவில்லை, இறுக்கிப் பிடித்தால் பிடிக்கும் என்றார். நான் காம்பரா, காம்பரா என்று முனகினேன். அதற்கு உன் அம்மா, என் பேரும் தோட்டத்து செக்ரோல் பதிவுல இருக்கு, நான் தினம் மலைக்குப் போறேன், நான் கொழுந்து எடுக்கிற வரைக்கும் காம்பராவ யாரு எடுக்கிறது என்று கேட்டாள். கண்டாக்கு ஐயாவும் பிறகு அதையேதான் சொன்னார். இருபத்தாறு வருடம் அவள் கொழுந்துக் கூடை சுமந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தும், வீடு என் ஒருவன் தலையில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன் பார்.

தை மாதம் இடுப்பெலும்பு எடுத்துத் தகடு வைத்தார்கள். கால் வலியைவிட இடுப்பு வலிதான் உயிரை எடுத்தது. ஐந்து மாதம் கிடந்தேன். ஞாயிறு தவறாமல் அம்மா பஸ்ஸில் வருவாள், பக்கத்துக் காம்பரா அம்மாக்கண்ணு ரொட்டியும் சம்பலும் கட்டிக் கொடுத்துவிடுவாள். போன செவ்வாய்க்கிழமை, மலைக்குப் போகாமல் அம்மாவும் வந்திருந்த அன்று, படம் பிடித்து, பிளவு மூடிவிட்டது, இறங்கி ஊன்று என்றார் டாக்டர். அப்போது என்னால் முடியவில்லை மகளே. நிற்காதே என்றபோதெல்லாம் நின்றவனுக்கு, நில் என்றபோது கால் கீழே இறங்கவில்லை. கட்டிலைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை, அத்தனை பேருக்கு முன்னால் அழுதும்விட்டேன். அம்மா நாலு கட்டில் தள்ளிப் போய் நின்றுகொண்டு, “சின்னராசா, வாங்க” என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பெயரை வாயால் சொன்னதில்லை, பெரியாஸ்பத்திரியில் பெயர் பதியும்போதுகூடப் பக்கத்தில் இருந்தவரைத்தான் சொல்லச் சொன்னாள். எப்படி நடந்தேன் என்று தெரியாது, அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

டாக்டரையும் வெதமாத்தயாவையும் உன் பிரார்த்தனையில் சேர்த்துக்கொள். கவ்வாத்து இனிக் கிடையாது, ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகக் கண்டாக்கு ஐயா சொல்லியிருக்கிறார். நீ இந்த நிலையில் கப்பலேற வேண்டாம். மாடிப்படி இருந்தால் பார்த்து இறங்கு, டாக்டர் கேட்பதற்கு உண்மையைச் சொல்லு. உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம். பெயர் சொன்னதை நான் எழுதினேன் என்று அம்மாவுக்குக் காட்டிக்கொள்ளாதே. இன்னொரு தடவை சொல் என்று வீட்டுக்கு வந்ததிலிருந்து கேட்டுப் பார்க்கிறேன், மாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னராசா