வலது பக்க ஊசி

பாய்,

ஊசி வந்துவிட்டது. நாமக்கல்லிலிருந்து லாரியில், கிரீஸ் பூசி, சாக்கில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். பார்சல் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வாங்கி, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் சாய்த்துக் கொண்டுவந்தேன். வீட்டில் சாக்கைப் பிரித்ததும் பழைய கிரீஸ் வாசனை அறை முழுக்கப் பரவியது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாசனை. ஜன்னலைத் திறந்து வைத்தேன். போகவில்லை.

கை நீளத்துக்கு வளைந்த வார்ப்பு இரும்பு. தெரியாதவர்களிடம் இதை ஊசி என்றால் சிரிப்பார்கள். வயலில் சிதறிக் கிடக்கும் வைக்கோலை வாரி, இடித்து, சதுரக் கட்டாக்கும் நம் பேலருக்கு அடியில் இப்படி இரண்டு ஊசிகள். கட்டு நிறைந்ததும் இரண்டும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மேலே முடிச்சு விழும். ஊசிகள் இறங்கிவிடும். இதில் ஒன்று உடைந்ததற்காகத்தான் நீயும் நானும் ஆறு வருடம் பேசாமல் இருந்தோம். பிறகு நீ போய்விட்டாய்.

உன் ஜனாசாவுக்கு வந்தேன். பள்ளிவாசலுக்கு எதிரே செருப்புக் கடை நிழலில் நின்றுவிட்டுத் திரும்பினேன். உள்ளே வரவில்லை. கல்லூரியில் என்னைத் தாண்டித் துறைத் தலைவரானவனுக்கு இன்றுவரை வணக்கம் சொல்லாதவன் நான். ஒரு மனிதன் செத்துப்போனதற்காக மட்டும் கோபத்தை விட எனக்குத் தெரியவில்லை.

அந்த எந்திரத்தை நீதான் தேடிக் கண்டுபிடித்தாய். அறுவடை மெஷின்கள் வந்த பிறகு வைக்கோல் வயலெங்கும் சிதறிக் கிடந்தது. வாரிக் கட்ட ஆளில்லை. மாடு வைத்திருப்பவர்களோ அதே வைக்கோலுக்கு அலைந்தார்கள். மூடிப்போன ஒரு மாட்டுப் பண்ணையின் பின்புறம், வேலிக்கருவேல மரத்தடியில், டயர் மண்ணில் புதைந்து கிடந்தது அது. எப்போதோ கப்பலில் வந்த சரக்கு. செய்த கம்பெனியே இப்போது இல்லை என்றேன். நீ அதைச் சுற்றி வந்து, பல்சக்கரத்தை விரலால் தட்டிப் பார்த்தாய்.

"வாத்தியாரே, நம்மள விட இது நாலஞ்சு வயசு சின்னதுதான். நாமளே ஓடிக்கினு இருக்கோம், இது ஓடாதா?"

எனக்கு அப்போது கல்லூரியில் நிம்மதி இல்லை. ஏதாவது ஒன்று என் பேச்சைக் கேட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. சரி என்றேன்.

அதன் பிறகு நம் ஞாயிற்றுக்கிழமைகளெல்லாம் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகச் சந்தையில் போயின. தேய்ந்த பல்சக்கரத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினோம். "இது எந்த வண்டியோடது பாய்?" என்று கேட்பார்கள். "வண்டி இல்லப்பா, வைக்கோல் கட்டற மெஷினு" என்பாய். உடனே பல்சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், ஏதோ தொற்று நோய் போல. கிடைக்காததை நீ செய்தாய். மோட்டார் சைக்கிள் செயினை வெட்டிச் சேர்த்தாய். லாரியின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து கயிறு அறுக்கும் கத்தி அடித்தாய். முடிச்சு விழும் இடத்தில் ஸ்பிரிங் உடைந்தபோது, தறிக்காரர் ஒருவர் ரிப்பேருக்குக் கொடுத்து உன் பட்டறையிலேயே விட்டுப்போன, புடவையில் பூ விழவைக்கும் ஜக்கார்டு பெட்டியிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினாய். "பட்டுக்கு ஒழைச்சது, புல்லுக்கும் ஒழைக்கட்டும்" என்றாய்.

எந்திரத்தோடு ஒரு பாகப் புத்தகம் கிடைத்தது. எல்லாப் பாகத்துக்கும் படம், எண், இடது, வலது. அது என் பொறுப்பு. "இங்கிலீசு உன்னுது, இரும்பு என்னுது" என்று நீ பிரித்துக் கொடுத்திருந்தாய். அந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ளூரப் பெருமை.

ஊசி முதன்முறை உடைந்தது நினைவிருக்கும். பட்டறையில் எந்திரத்தின் பின்புறம் சுவரை ஒட்டி நின்றது. அதனால் எப்போதும் முன்னால் நின்றே வேலை செய்தோம். நீ அடியில் படுத்தபடி, "வலது பக்க ஊசி வாத்தியாரே" என்றாய். புத்தகத்தில் வலது ஊசியின் எண்ணைப் பார்த்து, வெளிநாட்டில் பழைய பாகம் விற்கும் ஒருவருக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்து வந்தது. கையில் வாங்கியதுமே உன் முகம் மாறியது.

"இது வேற பக்கமா சாஞ்சிக்கினு இருக்குதே."

"நம்பர் சரியா இருக்குது பாய். பழைய ஊசிதான் தேஞ்சு வளைஞ்சிருக்கும்."

"தேஞ்சா இப்படியா வளையும்?"

"புத்தகம் பொய் சொல்லுமா?"

அறுவடை தொடங்கிவிட்டது. வேறு வழியின்றிச் சூடு காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பொருத்தினாய். மூன்று வயல் ஓடியது. நான்காவது, ஐயம்பேட்டையில். பாதி வயலில் ஊசி ஒடிந்து, உள்ளே சிக்கி, இடிக்கும் கட்டையையும் வளைத்துவிட்டது. சாயங்காலமே மழை. வயல்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நம்மையே பார்த்தார். வைக்கோல் முழுவதும் நனைந்து கறுத்துப்போனது.

மறுநாள் அந்த ஊர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். "என்னாச்சு சார்?" என்று யாரோ கேட்டார்கள். நீ என் பக்கத்தில் கிளாசோடு நின்றிருந்தாய். நான் சொன்னேன்: "இவன் கை பட்டா நல்ல இரும்பு கூட ஒடஞ்சிடும்பா."

நீ கிளாசைக் கீழே வைத்தாய். "அப்படியே வெச்சுக்கோ வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

இந்த மாசியில் உன் மனைவி சொல்லியனுப்பினார். பட்டறையைக் காலி செய்கிறார்களாம். மெஷினை எடுத்துக்கொள்ளாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். போய்ப் பார்த்தேன். முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது. இரும்புக் கடை ஆள் அதற்குள் வந்து காலால் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த உதையைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு ஊசி கிடைத்தால் ஓட்டிக் காட்டுவேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

பத்து நாள் போனில் அலைந்தேன். நாமக்கல்லில் பழைய பண்ணை மெஷின்களைப் பிரித்து விற்கும் ஒரு பெண்மணி கிடைத்தார்.

"எந்தப் பக்கத்து ஊசிங்க சார்?"

"வலது."

"பின்னாடி நின்னு பார்த்தா வலதுங்களா, முன்னாடி நின்னு பார்த்தா வலதுங்களா?"

"புத்தகத்துல இருக்கிற வலதுமா."

"புத்தகத்துல எப்பவுமே பின்னாடி நின்னுதானுங்க சார், மெஷின் போற திசையைப் பார்த்து. மொதப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க. யாருங்க அதைப் படிக்கிறாங்க?"

அவர் சிரித்தார். நான் போனை வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தேன். உள்ளே எல்லாப் பக்கத்திலும் நம் விரல் கறை. முதல் பக்கம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த அம்மாள் சொன்னது, சொன்னபடியே, இரண்டு வரியில்.

இருபத்தேழு வருடம் எந்திர வரைபடம் நடத்தியவன் நான், பாய். எங்கே நின்று பார்க்கிறாய் என்று கேட்காமல் கோடு போடாதே என்பதுதான் என் முதல் வகுப்பு. முன்னால் நின்று பார்த்த உன் வலது, புத்தகத்தின் இடது. நான் தருவித்தது எதிர்ப்பக்கத்து ஊசி. அதைச் சூட்டில் திருப்பி மூன்று வயல் ஓட்டியதே உன் கையின் திறமை.

பட்டறைக்குப் போனேன். உன் மனைவி ஸ்பேனர்களைத் துடைத்துப் பழைய புடவையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாபி, அன்னிக்குத் தப்பு என்னுது. ஊசிய நான்தான் மாத்தி வரவழைச்சிட்டேன்."

அவர் நிமிரவில்லை. "அவருக்குத் தெரியும்ணா."

"எப்படி?"

"மெஷின முற்றத்துக்கு இழுத்த அன்னிக்கு, பின்பக்கம் போயி ரொம்ப நேரம் நின்னாரு. ஒடஞ்ச ஊசிய திருப்பித் திருப்பிப் பாத்தாரு. உள்ள வந்து, பக்கம் மாறிப்போச்சுன்னு எங்கிட்ட சொல்லிட்டாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'படிச்சவன்தானே, அவனே கண்டுபிடிச்சுக்கினு வரட்டும்'னாரு." ஸ்பேனர் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நீங்க வரல. அவரும் விடல. ரெண்டு பேருக்கும் ஒரே புத்திதானே."

எனக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை. கோபம். உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரு முனையில் என் ஸ்கூட்டரைக் கடந்து போகும்போதெல்லாம் தெரிந்திருக்கிறது. விவசாயிகள் உன் பட்டறைக்கு வருவது நின்று, தறி வேலை மட்டும் மிஞ்சியபோதும் ஒரு வார்த்தை சொல்லாமல் எனக்காகக் காத்திருந்திருக்கிறாய். நான் வருவேன் என்று எந்த நம்பிக்கையில் இருந்தாய்? என்னை உனக்கு ஆறாம் வகுப்பிலிருந்து தெரியுமே. அந்தக் கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதலாம் என்றிருந்தால் இந்தக் கடிதமும் வந்திருக்காது.

நாமக்கல் அம்மாளை மறுபடி கூப்பிட்டுத் தருவித்த இடது ஊசியை நானே பொருத்தினேன். இரண்டு நாள் அடியில் படுத்துக் கிடந்தேன். அன்று வளைந்த இடிக்கும் கட்டையை நீ ஏற்கெனவே நிமிர்த்தியிருந்தாய். எப்போது செய்தாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பிறகு ஐயம்பேட்டைக்குப் போனேன். அதே டீக்கடை. கூட்டம் சேரும்வரை காத்திருந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: அன்று ஊசி ஒடிந்தது பாயால் இல்லை, நான் புத்தகத்தைத் தப்பாகப் படித்ததால். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த ஊசி சார்?" என்றார் டீக்கடைக்காரர்.

முசரவாக்கத்து விவசாயி ஒருவர் பெஞ்சில் இருந்தார். "பாய் தங்கமான மனுசன் சார். ஆனா வயல் மெஷினுக்கு மட்டும் அவருக்குக் கைராசி இல்ல. ஊருக்கே தெரியும்."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லணும்? பேசிக்குவாங்க."

"நான்தான் சொன்னேன். இதே எடத்துல நின்னு. அது பொய்."

அவர் என் தோளைத் தட்டினார். "விடுங்க சார். போனவர பத்தி யாரு கெட்டதா பேசுவா? நல்ல சிநேகிதர் நீங்க."

நான் சொன்ன பொய்யை ஒரே நாளில் நம்பியவர்கள், நான் சொல்லும் உண்மையை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள். மேலும் பேசப் பேச என் நல்ல மனசுக்குத்தான் மதிப்பு ஏறிக்கொண்டே போனது. டீயைக் குடித்துவிட்டு, அந்த முசரவாக்கத்துக்காரரிடமே, உங்கள் வயலை முதலில் கொடுங்கள் என்று கேட்டேன். ஓடுகிற எந்திரமாவது உனக்காகப் பேசும் என்று நினைத்தேன்.

ஓடியது, பாய். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை. ஒரு முடிச்சும் அவிழவில்லை. கட்டுகள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் இறங்கி வந்து என் கையைப் பிடித்தார்.

"ராசியான கை சார் உங்களுது. ஆறு வருசமா செத்துக் கெடந்தத எழுப்பிட்டீங்களே. அடுத்த மாசம் புது டிராக்டர் எடுக்கறேன். நீங்கதான் வந்து மொதல்ல சாவி போட்டுக் குடுக்கணும்."

இப்போது இந்தப் பக்கத்து ஊர்களில் எனக்குக் கைராசி. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு வயலிலும் இறங்கியதும் சொல்கிறேன்: செயின் பாய் சேர்த்தது, கத்தி பாய் அடித்தது, முடிச்சு விழுவது அவர் மாட்டிய ஸ்பிரிங்கில், ஊசி ஒடிந்தது என் தப்பால். பூஜைக்கு முன்னால் மந்திரம் முடியக் காத்திருப்பவர்கள் போலப் பொறுமையாகக் கேட்கிறார்கள். முடிந்ததும், "சரி சார், உங்க கையால ஆரம்பிச்சுக் குடுங்க" என்கிறார்கள்.

கையை வைக்கிறேன். கயிறு மேலே போகிறது, முடிச்சு விழுகிறது. நாளை ஏனாத்தூரில் இரண்டு வயல். அங்கேயும் சொல்ல வேண்டும்.