டெஸ்டுக்கு முந்தின வாரம்

திருத்தணி
9.2.2025

அன்புள்ள பாவாவுக்கு,

மோகனா எழுதிக்கொண்டது. தங்கை தீபா வீட்டுக்கு நான் வந்து ஐந்து நாளாகிறது. போனில் பேசக் கூடாதா என்பீர்கள். போனில் நீங்கள் "ஆங்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை, நான் கத்த ஆரம்பித்துவிடுகிறேன். பத்து வருடமாக அங்கன்வாடியில் ரிஜிஸ்டர் எழுதும் கை இது. எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும். நீங்களும் எழுதுங்கள். உங்கள் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருந்தாலும் படித்துக்கொள்கிறேன்.

உடம்பு தேவலை. ஈறில் ரத்தம் வருவது நின்றுவிட்டது. படியேறினால் மூச்சு வாங்குகிறது, அதனால் மலைக்குப் போகவில்லை. கோயில் சந்தனத்தைத் தீபா தண்ணீரில் கரைத்துக் கொண்டுவந்தாள். "முருகன் மார்ல சாத்தினது, குடிக்கா" என்றாள். நான் டாக்டரம்மாவிடம் போனில் கேட்ட பிறகுதான் குடித்தேன். சாமி சந்தனத்துக்கே டாக்டர் அனுமதி வாங்கியவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இதை ஏன் சொல்கிறேன் தெரியுமா? ஆஸ்பத்திரியை விட்டு வரும் நாளில் அந்த டாக்டரம்மா எல்லார் முன்னாலும் என்னைத் திட்டினார். "ஒரு தடவை ரத்தம் தண்ணியா இருக்கு, ஒரு தடவை கெட்டியா இருக்கு. மாத்திரையை இஷ்டத்துக்கு முழுங்கினா இப்படித்தான்" என்றார். நம் அம்முவுக்கு மூன்று வயதில் என் நெஞ்சில் இரும்பு வால்வு வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை ஆறு வருடத்தில் ஒரு நாள் விட்டிருப்பேனா? கூட ஒன்று போட்டிருப்பேனா? உங்களுக்குத் தெரியும். கட்டின புருஷன், பக்கத்தில்தான் நின்றீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே பாவா. வயிற்றுக்குள் ரத்தம் போய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி எழுந்து வந்ததைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஆறு வருடம் சாப்பிட்ட பழைய அளவிலேயே மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறார்கள். இங்கேயே லேபில் வாராவாரம் டெஸ்ட். அது சரியாகும் வரை தீபா வீட்டில்தான் இருப்பேன், சென்னை ஆஸ்பத்திரிக்கு இங்கிருந்தே நேராக ரயில் இருக்கிறது.

அத்தை நேற்று போன் செய்தார். "அம்முக்கு ஒரு தம்பி இருந்தா இந்நேரம்..." என்று ஆரம்பித்தார். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

அம்முவுக்குத் தலை வாரும்போது இழுக்காதீர்கள்.

இப்படிக்கு,
மோகனப்ரியா


திருவாலங்காடு
17.2.2025

அன்புள்ள மோகனாவுக்கு,

நலம், உன் நலம் அறிய ஆசை. கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி.

சர்க்கரை மில்லிலிருந்து கரும்பு வெட்டு உத்தரவு வந்துவிட்டது. ஆள்தான் கிடைக்கவில்லை. அம்மு நன்றாக இருக்கிறாள். தலை வாரினால் அழுகிறாள், அதனால் பக்கத்து வீட்டு சுசித்ராவிடம் அனுப்பிவிடுகிறேன்.

டெஸ்டில் என்ன வந்தது என்று எழுது. தீபா காலையில் உனக்கு என்ன கொடுக்கிறாள்? நீ டெஸ்ட் எடுத்த அன்றே எனக்குச் சொல்லிவிடு. அன்றைக்கு டாக்டர் திட்டும்போது நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. தப்புதான்.

அம்மா சொன்னதை மனதில் வைக்காதே.

டெஸ்ட் விவரம் மறக்காமல் எழுது.

உன்,
எழிலன்


திருத்தணி
12.3.2025

அன்புள்ள பாவாவுக்கு,

நீங்கள் மூன்று தடவை கேட்ட டெஸ்ட் விவரம் இதோ. ரத்த எண் இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும்; கூடினால் ரத்தம் தண்ணீர், குறைந்தால் கெட்டி. நான்கு வாரம், நான்கு டெஸ்ட். 2.7, 2.9, 2.8, 2.8. பழைய மாத்திரை, பழைய அளவு, அதே மோகனா. மாறியது வீடு ஒன்றுதான்.

என் ஆஸ்பத்திரி நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். போன ஆவணி வரைக்கும் எல்லாம் ஒழுங்கு. ஆவணியில் திடீரென்று 4.6. ஈறில் ரத்தம். மாத்திரையைக் குறைத்தார்கள். அடுத்த டெஸ்டில் 1.8. ஏற்றினார்கள். ஏற்றின பத்தாம் நாள் உடம்பெல்லாம் கன்றிப்போய்க் கிடந்தேன், ஆனால் டெஸ்டுக்குப் போனால் சரியாக இருந்தது. நல்ல குழந்தை மாதிரி டெஸ்ட் அன்று மட்டும் ஒழுங்காக இருக்கும் ரத்தம் உண்டா? கடைசியில் பொங்கல் முடிந்து இரண்டாம் நாள் நான் குளியலறையில் விழுந்தேன்.

சனிக்கிழமை தீபா போய் அம்முவை இரண்டு நாளைக்கு அழைத்து வந்தாள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி கொடுத்தோம். குடித்துக்கொண்டே அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அம்மா, சித்தி எப்ப கேட்டாலும் கஞ்சி குடுக்குறாங்க. நீ டெஸ்டுக்குப் போறதுக்கு முந்தின வாரம் மட்டும்தான் நைனா உன் கஞ்சில எனக்கும் ஊத்துவாரு. மத்த நாள் கேட்டா, இது அம்மாக்குன்னு திட்டிகினே இருப்பாரு."

கல்யாணமான நாளிலிருந்து காலைக் கஞ்சி நீங்கள்தான் காய்ச்சுகிறீர்கள். ஊரில் யாருக்கும் இப்படிப் புருஷன் வாய்க்கவில்லை என்று அங்கன்வாடியில் பெருமையடித்திருக்கிறேன்.

கஞ்சியில் என்ன போட்டீர்கள் பாவா?

மோகனப்ரியா


திருவாலங்காடு
20.3.2025

மோகனா,

நெஞ்சுக்கு நல்லதென்று மருதம்பட்டைப் பொடி. பூண்டு லேகியம். இரண்டும். வெல்லம் போட்டுக் கொதிக்க வைத்ததால் உனக்குத் தெரியவில்லை.

ஆர்.கே.பேட்டை போகிற வழியில் ஒரு வைத்தியர் இருக்கிறார். அவர்மேல் பழி போடாதே. முதல் நாளே அவர் கேட்டார், "இங்கிலீஷ் மாத்திரை எதுனா சாப்புட்றாங்களா?" என்று. நான் "இல்லீங்க, படபடப்பு மட்டும்தான்" என்றேன். உண்மையைச் சொன்னால் கொடுக்க மாட்டார் என்று பயம். உன்னிடம் சொன்னால் நீ டாக்டரிடம் சொல்லிவிடுவாய் என்று பயம். ஆபரேஷன் முடிந்த புதிதில் நம் மாமா கொடுத்தனுப்பிய சூரணத்தை ஆஸ்பத்திரியில் காட்டினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு டாக்டர் நம் எதிரிலேயே அதைக் குப்பையில் போட்டார். அன்றிலிருந்து எனக்கு அங்கே வாய் திறக்கவே வரவில்லை.

முதல் டெஸ்டில் 4.6 வந்ததும் பயந்துபோனேன். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். பொடி வேலை செய்கிறது, அதனால்தான் மாத்திரையைக் குறைக்கிறார்கள், இப்படியே போனால் மாத்திரையே வேண்டாம் என்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் டெஸ்டில் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு டெஸ்டுக்கும் முந்தின வாரம் போடாமல் விட்டேன். கரும்பு வெட்டுக்கு முன்னால் தண்ணீரை நிறுத்துவது போல நிறுத்தினேன். அதனால்தான் உனக்குக் குறைந்து வந்திருக்கிறது, அவர்கள் ஏற்றியிருக்கிறார்கள், நான் அதன்மேல் திரும்பவும் போட்டிருக்கிறேன். இது இப்போது உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

நீ விழுந்த அன்றே டப்பாவைக் கிணற்றில் எறிந்துவிட்டேன். டாக்டர் திட்டும்போது வாயைத் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்றுதான் நின்றேன்.

எழிலன்


திருத்தணி
24.3.2025

பாவாவுக்கு,

மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிட்டால் பிறகு என்ன? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். இந்த மாத்திரை சாப்பிடும் வரை பிள்ளை பெறுவது ஆபத்து என்று ஆறு வருடத்துக்கு முன்பே சொன்னார்கள். மாத்திரை நின்றால் அம்முவுக்குத் தம்பி வரலாம். எனக்காகப் போட்டீர்களா, தம்பிக்காகப் போட்டீர்களா?

என் நெஞ்சில் இருப்பது இரும்பு. எந்தப் பட்டையும் அதைச் சதையாக்காது. பட்டை நல்லதா கெட்டதா என்று நான் சண்டை போடவில்லை. இங்கே அரசு ஆஸ்பத்திரி சித்தா பிரிவுக்கு நானே போனேன், முட்டி வலிக்கு. ரயில் வண்டி மாதிரி நீளமான என் மருந்துச் சீட்டை மேசைமேல் விரித்தேன். அவர் முழுக்கப் படித்துவிட்டு, "உள்ளுக்கு எதுவும் வேணாம்மா, மேலுக்கு எண்ணெய் மட்டும் தரேன், அதையும் உங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க" என்றார். கேட்டேன். டாக்டரம்மா சரி என்றார். இவ்வளவுதான் பாவா வேலை. இரண்டு வாக்கியம். அதைச் செய்யாமல் ஆறு மாதம் என் உடம்பை என்னிடமே மறைத்தீர்கள். என் உடம்பு எனக்குத் துரோகம் செய்கிறது என்று நான் நம்பினேன்.

டாக்டரம்மாவிடம் நான் சொல்ல மாட்டேன். நீங்கள் போய்ச் சொல்ல வேண்டும். வைத்தியரிடமும் சொல்ல வேண்டும். அவர் இன்னும் எத்தனை பேருக்குக் கொடுக்கிறாரோ. அதன் பிறகு என் கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அது வரை இங்கே வராதீர்கள்.

மோகனப்ரியா


திருவாலங்காடு
9.4.2025

மோகனா,

போன புதன்கிழமை வைத்தியரிடம் போனேன். கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். "ஏம்ப்பா, நான் கேட்டேனா இல்லியா? தெரிஞ்சிருந்தா சிட்டிகை கூட குடுத்திருக்க மாட்டனே. ஒரு உசுருப்பா அது" என்றார். எவ்வளவு திட்டினாரோ எல்லாம் வாங்கிக்கொண்டேன். இனி மாத்திரைச் சீட்டை நேரில் பார்க்காமல் யாருக்கும் மருந்து கட்ட மாட்டேன் என்றார்.

நேற்று ஆஸ்பத்திரி. பேஷண்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஒரு மணிக்கு டாக்டரம்மா வெளியே வந்தபோது மறித்துக்கொண்டேன்.

"பேஷண்ட் எங்க?" என்றார்.

"வரலைங்க. அவங்க ஒடம்ப இப்படி ஆக்குனவன் வந்திருக்கேன்."

உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தார். எல்லாம் சொன்னேன். டெஸ்டுக்கு முந்தின வாரம் நிறுத்தியதைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "அந்தப் பொண்ண ஆறு மாசமா திட்டினேன்யா நான்" என்றார். உன் பைலை வரவழைத்தார். 'மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை' என்று நான்கு இடத்தில் எழுதியிருந்ததாம், படித்துக் காட்டினார். நான்கையும் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த தடவை நீ வரும்போது உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்.

பிறகு என்னிடம், "நாட்டு மருந்து சாப்பிடுறது குத்தம்னு நான் சொல்லல. மறைச்சதுதான் குத்தம். எதுவா இருந்தாலும் என் மேசைமேல கொண்டாந்து வை" என்றார். "ஒருக்கா வெச்சோம்மா, குப்பைல போட்டாங்க" என்றேன். அவர் "நானா?" என்றார். "நீங்க இல்லீங்க" என்றேன்.

உன் கேள்விக்குப் பதில். உனக்காக என்றுதான் ஆரம்பித்தேன். ஆரம்பித்து ஒரு மாதத்துக்குள் தம்பிக்காக என்று ஆகிவிட்டது. கஞ்சி கிண்டும்போது அவனுக்குப் பெயர் கூட யோசித்தேன். என்ன பெயர் என்று கேட்காதே.

எழிலன்


திருத்தணி
15.4.2025

பாவாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன். பெயர் யோசித்த இடத்தில். எனக்கும் ஆசை இல்லை என்று நினைத்தீர்களா? இந்த ஆறு வருடமும் மற்றவர்கள் பிள்ளைகளை எடை போட்டு எழுதுகிறவள் நான். ஆசையை ஒரு பக்கம் வைத்துவிட்டு அம்முவுக்கு அம்மாவாக உயிரோடு இருப்பது என்று முடிவு செய்தேன். அந்த முடிவை நீங்கள் என்னைக் கேட்காமல் மாற்றப் பார்த்தீர்கள்.

நீங்கள் செய்ததை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. வந்தால் சொல்கிறேன். ஆனால் இது என் வீடு, என் பிள்ளை, என் வேலை. எதையும் விட்டுக் கொடுப்பதாக இல்லை. திரும்பி வருகிறேன்.

வந்தால் இப்படித்தான் இருக்கும். என் வாய்க்குள் போவது எல்லாம் எனக்குத் தெரிய வேண்டும். கொஞ்ச நாளைக்கு நீங்கள் கொடுக்கும் தண்ணீரைக்கூடச் சந்தேகமாகப் பார்ப்பேன். பொறுத்துக்கொள்ள வேண்டும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. இனி ஆஸ்பத்திரிக்கு நீங்களும் உள்ளே வர வேண்டும். உங்களுக்குத் தோன்றும் சந்தேகத்தை அங்கேயே கேட்க வேண்டும், அசட்டுத்தனமாக இருந்தாலும்.

இன்னொன்று. இரண்டாவது பிள்ளை இல்லை. இந்த வரியை இரண்டு முறை படியுங்கள்.

படித்த பிறகும் நான் வர வேண்டும் என்றால், 27ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்குத் திருவாலங்காடு ஸ்டேஷனில் வந்து நில்லுங்கள். பிளாட்பாரத்தில் நீங்கள் இல்லையென்றால் நான் இறங்க மாட்டேன். அதே வண்டி சென்னைக்குப் போகும். அங்கே எனக்கு வேலை தேடிக்கொள்ளத் தெரியும், அம்முவைக் கூட்டிப்போகவும் தெரியும்.

மோகனப்ரியா


திருவாலங்காடு
21.4.2025

அன்புள்ள மோகனாவுக்கு,

இரண்டு முறை படிக்கச் சொன்னாய். மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இனிமே இந்தப் பேச்சு இந்த வீட்ல வரக் கூடாதும்மா. பட்டை போட்டது நான்தான், அவ இல்ல" என்றேன். அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மறுநாள் சாப்பிட்டார்.

இனி உனக்குத் தெரியாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று சத்தியம் எழுத உட்கார்ந்தேன். என் சத்தியத்தை வைத்து நீ இப்போது என்ன செய்வாய்? அதனால் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டேஷனில் நிற்க மாட்டேன். அரக்கோணம் தாண்டியதிலிருந்து, நான் இருப்பேனா இல்லையா என்று நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டாம். சனிக்கிழமையே அம்முவோடு திருத்தணிக்கு வந்துவிடுகிறேன். தீபா வீட்டுக்குள் விட்டால் உள்ளே இருக்கிறேன். விடாவிட்டால் வாசலில் இருக்கிறேன்.

உன்,
எழிலன்